ஃபுட்பால் ஆடினா கர்ப்பப்பை இறங்காது

1/ மதுராந்தகம் பக்கத்து அம்மா அப்பாக்களே, ஓபியில் நீங்க தயங்கித் தயங்கிக் கேட்கிற கேள்விக்கு இங்கேயே பதில்: பொண்ணு ஓடினா, குதிச்சா கர்ப்பப்பை இறங்காது. பீரியட்ஸ் நாளிலும், அவளுக்கு முடிஞ்சா, ஆடலாம்.

2/ இந்துமதி கதிரேசனைத் தெரியுமா? கடலூர்ப் பொண்ணு. இந்திய அணி மிட்ஃபீல்டர். தாக்கவும் ஓடணும், தடுக்கவும் ஓடணும், அந்த இடம். 2018-ல் மணிப்பூரை ஃபைனலில் ஜெயிச்சு தமிழ்நாடு முதல் முறையா தேசிய சாம்பியன் ஆச்சே, அந்த டீமில் ஆடியவர்.

3/ "ஆடி என்ன ஆகப்போகுது?" தமிழ்நாடு போலீசில் சப்-இன்ஸ்பெக்டர் ஆனார். 2020 லாக்டவுனில் நாங்க வார்டில் நின்னப்போ, அவர் சென்னையில் டியூட்டியில் நின்னார்.

4/ நீங்க பயப்பட வேண்டியது ரத்தசோகைக்கு. தமிழ்நாட்டில் 15-49 வயசுப் பெண்களில் பாதிப்பேருக்கு மேல் இருக்கு. பொண்ணு சீக்கிரம் களைச்சுப் போறாளா? பந்தைப் பிடுங்காதீங்க, கூட்டிட்டு வந்து ஹீமோகுளோபின் பாருங்க. ஸ்கூலில் தர்ற இரும்புச்சத்து மாத்திரையைத் தூக்கிப் போடாதீங்க. அதை டீயோட சேர்த்துக் கொடுக்காதீங்க. முட்டையைப் பையனுக்கு மட்டும் வைக்காதீங்க.

5/ "விளையாட வேண்டாம்னு ஒரு சர்டிஃபிகேட் எழுதிக் கொடுங்க டாக்டர்" என்று மட்டும் வராதீங்க. நோய் இல்லாம எழுத மாட்டேன். அந்த பஸ் காசுக்கு அவளுக்கு ரெண்டு முட்டை வாங்குங்க.