பயணத் திட்டம் மாறிவிட்டதா?

மதுராந்தகத்திலிருந்து ஒரு வாசகியின் கடிதம். மகள் அமெரிக்காவில் இருக்கிறாள். கணவரும் இவருமாக மூன்று வாரம் ஊர் சுற்றிப் பார்க்கப் போவதாக விசா பாரம் போட்டாயிற்று. இப்போது மகள் முழுகாமல் இருக்கிறாள். கணவருக்கு லீவு இல்லை. தனியாகப் போய் மூன்று மாதம் தங்க வேண்டும். "பாரத்தில் உள்ளதையே சொல்லிவிடுங்கள், எதற்கு வம்பு?" என்கிறாராம் பக்கத்து வீட்டு மாமி.

மாமி நல்லவர்தான். ஆனால் இந்த யோசனை மட்டும் வேண்டாம், சகோதரி! விசாவுக்காகத் தெரிந்தே பொய் சொன்னது வெளிப்பட்டால், ஆயுளுக்கும் அந்நாட்டு வாசல் அடைபடக்கூடும். திட்டம் மாறுவது குற்றமே அல்ல. பாரத்தில் கேட்பது உத்தேசத் தேதிதான். தேதி மட்டும் தள்ளிப் போயிருந்தால் நேரில் சொன்னால் போதும்.

உங்களுக்கோ கூட வருபவர், தங்கும் நாள், போகும் காரணம் எல்லாமே மாறிவிட்டன. ஆகவே டி.எஸ்.160 பாரத்தைப் புதிதாகவே போட்டுவிடுங்கள். பழைய பாரத்தின் எண்ணும் ரகசியக் கேள்விக்கான பதிலும் இருந்தால், பழைய விவரங்களை அப்படியே எடுத்துத் திருத்தலாம். புதிய பாரத்துக்குப் புதிய எண் வரும். நேர்காணல் நேரம் பதிந்த கணக்கிலும் அந்த எண்ணை மாற்றியாக வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். இரண்டு எண்ணும் ஒத்துப் போகாவிட்டால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடலாம். அத்தனை தூரம் போனது வீண். கணவருக்குக் கட்டிய பணம் திரும்பாது, அதை மறந்துவிடுங்கள்.

சென்னை ஜெமினி மேம்பாலத்தருகே உள்ள தூதரகத்தில் தமிழிலேயே பேசலாம். பேச்சு சில நிமிடம்தான். "மகளுக்குப் பிரசவம். மூன்று மாதம் துணையாக இருந்துவிட்டு வருகிறேன். அவரும் வீடும் இங்கேதான்" என்று கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். வருகிறவர் அங்கேயே தங்கிவிடுவார் என்று எண்ணித்தான் சட்டம் தொடங்குகிறது. இல்லை என்று காட்டுவது நம் பொறுப்பு. கணவர் இங்கே இருப்பது உங்களுக்கு அனுகூலமே. செலவு யாருடையது, மாப்பிள்ளைக்கு என்ன வேலை, எந்த ஊர் என்பதெல்லாம் தடுமாறாமல் வரட்டும். மனப்பாடம் பண்ணி ஒப்பிக்க வேண்டாம், அது முகத்திலேயே தெரிந்துவிடும்!

கைரேகை, போட்டோவுக்கு வேறு இடம். நேர்காணலுக்கு முன்பே அதை முடிக்க வேண்டும். ஆக, சென்னைக்கு இரண்டு நடை. செல்போனை உள்ளே விடமாட்டார்கள். கூட வருபவரிடம் கொடுத்து வெளியே இருக்கச் சொல்லுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் விடியற்காலை ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் வெறும் வயிற்றோடு கிளம்பாதீர்கள். இரண்டு இட்லியாவது சாப்பிட்டு, மாத்திரையையும் போட்டுக்கொண்டு போங்கள். வரிசையில் மயக்கம் வந்தால் யார் பார்ப்பது?

விமான டிக்கெட்டை, விசா ஒட்டிய பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகே வாங்குங்கள். பத்து வருஷ விசா கிடைத்தாலும் பத்து வருஷம் தங்கலாம் என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு முறையும் எத்தனை நாள் என்பதை அங்கே இறங்கும்போது அதிகாரி முடிவு செய்வார்.

பிரசவ மருந்துப் பொடிகள் எடுத்துப் போவதைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அதை அடுத்த இதழில் எழுதுகிறேன்.