ஆகாரத்தின் விலையும் தரமும்

எல்லைக்கு இருபுறத்து விலைகளையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வித்தையைப் புதுவை வாசிகளுக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. நகருக்கு வடக்கே சிறிது தூரம் சென்றால் கோட்டக்குப்பம்; அது தமிழ்நாட்டைச் சேர்ந்தது. பெட்ரோல் எந்தப் புறம் நயம், மது எந்தப் புறம் நயம் என்பது அனைவர்க்கும் மனப்பாடம். ஆயின், கடையில் வாங்கும் ஆகாரத்தில் உப்பும் சர்க்கரையும் கொழுப்பும் எவ்வளவு என்று கேட்பவர் மிகச் சிலரே. விலையைப் பார்க்கும் கண் தரத்தைப் பார்ப்பதில்லை. இது நம் ஊருக்கு மட்டும் உரிய குறை அன்று.

லண்டனில் வெளிவரும் 'எகானமிஸ்ட்' பத்திரிகை 1986-ம் வருஷம் முதல் ஒரு கணக்கை வெளியிட்டு வருகிறது. மக்டொனால்ட்ஸ் கடைகளில் விற்கும் 'பிக் மாக்' என்னும் துரித உணவு எந்தெந்தத் தேசத்தில் என்ன விலை என்று ஒப்பிட்டு, அவ்வத் தேசத்து நாணயத்தின் மதிப்பை அது நிறுக்கிறது. அக்கடைகளில் மாட்டிறைச்சி பரிமாறப்படாத நம் தேசத்திற்குக் கோழியிறைச்சியாலான 'மகாராஜா மாக்' கணக்கில் கொள்ளப்படுகிறது. நாணய சாஸ்திரிகளுக்கு இக்கணக்கு உதவலாம். உண்பவன் வயிற்றுக்குள் என்ன போகிறது என்பதை அது கூறாது.

அதைக் கூறும் ஆராய்ச்சி ஒன்று 2012-ம் வருஷத்தில் கனடா வைத்தியச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியாயிற்று. அமெரிக்கா, கனடா, பிரிட்டன், பிரான்ஸ், ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து ஆகிய ஆறு தேசங்களில் ஆறு துரித உணவுக் கம்பெனிகள் விற்ற 2,124 பண்டங்களின் உப்பு அளவு அதில் ஒப்பிடப்பட்டது. மக்டொனால்ட்ஸ் விற்கும் பொரித்த கோழித் துண்டுகளில் 100 கிராமுக்குப் பிரிட்டனில் 0.6 கிராம் உப்பு, அமெரிக்காவில் 1.6 கிராம்! கம்பெனி ஒன்று, பண்டத்தின் பெயரும் ஒன்று. அமெரிக்கா பிரிட்டனைவிட ஏழைத் தேசமா? அன்று. பிரிட்டனில் உணவுத் தர இலாகா 2006-லேயே உப்புக்கு இலக்குகளை வகுத்துக் கம்பெனிகளை நெருக்கி வந்தது. ஆகவே, ஆகாரத்தின் தரம் தேசத்தின் செல்வத்தை மட்டும் பொறுத்ததன்று. சர்க்காரும் ஜனங்களும் காட்டும் பிடிவாதத்தைப் பொறுத்தது என்பது வெளிப்படை.

நமது அண்டை அயலை நோக்குவோம். கடலுக்கு அப்பாலுள்ள இலங்கை, பானப் புட்டிகளில் சர்க்கரையின் அளவைச் சிவப்பு, மஞ்சள், பச்சை வர்ணங்களால் காட்ட வேண்டுமென்ற விதியை 2016 ஆகஸ்டில் அமலுக்குக் கொணர்ந்தது. 100 மில்லி லிட்டரில் 11 கிராமுக்கு மேற்பட்டால் சிவப்பு. ஒரு காலத்தில் நம்மை ஆண்ட பிரான்ஸ், 2017-ல் ஐந்து வர்ண அடையாளம் ஒன்றை ஏற்றது. ஆனால் அதைக் கட்டாயமாக்கவில்லை. இந்தியாவிலோ, நட்சத்திரக் குறியிடுவதற்கான வரைவு விதி 2022-ல் வெளியாயிற்று. பின்னர், 2025 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு தலையிட்டு மூன்று மாதத் தவணை கொடுக்கும் நிலைமை வந்தது. படிப்பறியாதார் பலர் வாழும் தேசத்தில் இவை பயன்படா என்பர் சிலர். சிவப்பைச் சிவப்பென்று அறிய எழுத்தறிவு வேண்டுமோ?

தரத்தை உயர்த்தினால் விலை ஏறும், ஏழை தவிப்பான் என்பது மற்றோர் ஆட்சேபம். ஒரு சிட்டிகை உப்பைக் குறைப்பதால் எந்த முதலாளியும் நஷ்டமடையான். எண்ணெயைக் கெட்டியாக்கும்போது உண்டாகும் 'டிரான்ஸ்' கொழுப்பு இருதயத்திற்குக் கேடு. டென்மார்க் 2003-ல் அதற்கு நூற்றுக்கு இரண்டு என்று வரம்பு கட்டியது. இந்தியாவும் 2022 ஜனவரி முதல் அதே வரம்பை ஏற்றது. அதனால் பலகாரக் கடைகள் மூடப்பட்டுவிடவில்லை. மலிவென்று வாங்கியதன் பாக்கியைப் பின்னர் ஆஸ்பத்திரியில் செலுத்துகிறவனே ஏழை.

நிற்க. நமது புதுவையும் வழிகாட்டியதுண்டு. 2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாயில் 'ரோடமைன்-பி' என்னும் சாயம் கலந்திருப்பது தெரிந்ததும், புதுவை சர்க்கார் அதன் விற்பனையைத் தடுத்தது. சில தினங்களில் தமிழ்நாடு அதைப் பின்பற்றியது. மார்ச்சில் கர்நாடகம் பஞ்சு மிட்டாயிலும் கோபி மஞ்சூரியனிலும் செயற்கைச் சாயங்களை விலக்கியது. ஓரிடத்தில் விழிப்பு உண்டாயின் அண்டையிலும் விழிப்பு உண்டாகும். ஆயினும் ஒன்றை மறைக்க முடியாது. அந்தச் சாயத்தை ஆகாரத்தில் சேர்ப்பது முன்னரே சட்ட விரோதம். 2006-ம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டம் எல்லைக்கு இருபுறமும் ஒன்றே. சட்டம் இருந்தது, கண்காணிப்பு உறங்கியது. விழித்தபோது முதலில் அகப்பட்டவன் கழியில் மிட்டாய் கட்டி விற்ற ஏழை.

அவனுக்குக் காட்டிய கண்டிப்பைக் குளிர்ந்த மாளிகைகளில் வியாபாரம் செய்யும் கம்பெனிகளுக்கும் காட்டுக என்பதே நமது கோரிக்கை. விலை எழுதிய பலகையிலேயே, விலைக்குச் சமமான எழுத்தில், உப்பு, சர்க்கரை, கொழுப்பின் அளவும் எழுதப்படட்டும். அடைத்து விற்கும் பண்டங்களின் முகப்பில் வர்ணக் குறி கட்டாயமாகட்டும். பரிசோதனை அதிகாரிகள் கண்டது என்ன என்பதைக் கடை வாசலிலேயே ஒட்டட்டும். இவற்றுக்குப் பெரும் பொருட்செலவு இல்லை, மனம் வேண்டும்.

நேயர்களே, அடுத்த முறை கடைக்குச் செல்லும்போது "என்ன விலை?" என்று கேட்டபின், "இதில் என்ன இருக்கிறது?" என்றும் கேளுங்கள். பிரஜைகள் கேளாத கேள்விக்குச் சர்க்கார் ஒருநாளும் விடையளிப்பதில்லை.