ஜல்லிக்கு முன் ஒரு கையெழுத்து

அரசாங்க அலுவலகத்தில் பழைய கோப்பை யாரும் நினைத்தவுடன் எடைக்குப் போட்டுவிட முடியாது. இன்ன கோப்பு மூன்று வருடம், இன்னது பத்து வருடம், இன்னது நிரந்தரம் என்று கணக்கு உண்டு. கெடு முடிந்தாலும் ஒரு அதிகாரி புரட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அழிக்கலாம். காகிதத்துக்கே இவ்வளவு காவல். கோதாவரிக் கரையிலோ சுமார் 6.6 கோடி வருடத்துப் பதிவேடு ஒன்று ஜல்லியாக உடைபட்டு லாரி லாரியாகப் போகிறது. அதற்குக் கையெழுத்துப் போட யாரும் இல்லை.

ராஜமுந்திரிக்கு எதிர்க்கரையில் பங்கிடி, கௌரிப்பட்டினம் பக்கத்துக் கல்குவாரிகளைத்தான் சொல்கிறேன். நம் புதுச்சேரி அரசில் வேலை பார்த்தவர்களுக்கு ஏனாம் மாற்றல் புதிதல்ல, எனக்கும் வந்தது. அங்கிருந்தபோதுதான் அந்தக் குவாரிகளைப் பார்த்தேன். கீழே கன்னங்கரேலென்று ஒரு பாறை. மேலேயும் அதே கறுப்புப் பாறை. நடுவில் மட்டும் வெளிறிய நிறத்தில், சில மீட்டர் கனத்தில், சுண்ணாம்புக்கல்லும் களிமண்ணும் கலந்த ஒரு பட்டை.

கறுப்பாக இருப்பது பசால்ட், அதாவது எரிமலைக் குழம்பு ஆறி இறுகிய பாறை. மராட்டியம், குஜராத், மத்தியப் பிரதேசம் என்று ஏறக்குறைய 5 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு இன்றும் பரந்து கிடக்கும் தக்காணப் பாறையின் உறவுதான் இதுவும். மேற்குப் பக்கம் பொங்கிய குழம்பு ஆற்றுப் பள்ளத்தாக்குகள் வழியாகச் சுமார் 1000 கிலோமீட்டர் ஓடி வங்கக் கடலோரம் வரை வந்தது என்பது ஆராய்ச்சியாளர் பலருடைய கருத்து. முதல் குழம்பு ஆறிக் கிடந்த காலத்தில் கடலும் கழிமுகமும் அதன்மேல் சேற்றையும் சிப்பியையும் படிய வைத்தன. பிறகு அடுத்த குழம்பு வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது.

இதை நான் ஒரு குமாஸ்தாவின் கண்ணால் பார்க்கிறேன். பசால்ட் என்பது மேலிடத்து உத்தரவு மாதிரி. வந்தது என்பதைத் தவிர அதிகம் சொல்லாது. இரண்டு உத்தரவுகளுக்கு நடுவில் என்ன நடந்தது என்பது குறிப்புத் தாளில்தான் இருக்கும். அந்தக் குறிப்புத் தாள்தான் நடுப் பட்டை.

அதில் எழுதியிருப்பது சாதாரண விஷயமில்லை. டைனோசர்கள் அழிந்ததற்கு மெக்சிகோவில் விழுந்த விண்கல் காரணமா, நம் தக்காண எரிமலைகளா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. எரிமலைகளின் பக்கம் 1980களிலேயே வாதாடியவர்களில் ஒருவர் பாரிசைச் சேர்ந்த வின்சென்ட் கூர்த்திய்யோ. பிரெஞ்சில் படித்தவன் என்பதால் அவர் எழுத்துகள் எனக்குச் சுலபமாக எட்டின. 2008இல் ஜெர்தா கெல்லர் குழுவினர் இந்தக் குவாரிகளின் நடுப் பட்டையில், அந்தப் பேரழிவுக்குச் சற்றுப் பின் தோன்றிய நுண்ணுயிர்களின் ஓடுகளைக் கண்டார்கள். கீழ்ப் பாறை அழிவுக் காலத்தை ஒட்டியது, மேல் பாறை அதற்குப் பிந்தியது என்று சொல்ல அந்தக் கண்ணுக்குத் தெரியாத ஓடுகள் சாட்சி நின்றன. அதற்கும் முன்பே, 1930களில், பீர்பால் சாஹ்னி தக்காணத்தின் இப்படிப்பட்ட இடைப் படிவுகளில் கிடைத்த செடிகொடிகளை வைத்து எரிமலைகளின் வயதை வாதித்தார்.

ஜல்லி இல்லாமல் சாலை ஏது, வீடு ஏது என்று கேட்பீர்கள். நியாயம்தான். அந்த வேலையை நம்பி ஆயிரம் குடும்பம் இருக்கும். இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும்: குவாரி வெட்டியதால்தான் அந்தப் பட்டை இவ்வளவு தெளிவாக நம் கண்ணில் பட்டது. குவாரிகளை மூடச் சொல்லவில்லை. நல்ல முகப்பாக ஒன்றை, ஐம்பதடி நீளம் போதும், வெடி வைக்காமல் விட்டுவிடுங்கள் என்கிறேன். குத்தகைக்குக் கொடுக்கும் முன் புவியியல் துறை அதிகாரி ஒருவர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடட்டும்.

முடியாத காரியமா? நமக்குப் பக்கத்திலேயே திருவக்கரை கல்மரப் பூங்கா இருக்கிறது. சொன்னரா என்ற பிரெஞ்சுக்காரர் 1781லேயே அந்தக் கல்மரங்களைப் பற்றிக் குறிப்பு எழுதினார். பிற்பாடு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அதைத் தேசியச் சின்னமாக்கி வேலி போட்டது. அந்த வேலி இருப்பதால்தான் இன்றைக்கும் பேரப்பிள்ளைகளைக் கூட்டிப் போய்க் காட்ட முடிகிறது. இத்தகைய இடங்களைக் காப்பதற்கென்று சுரங்க அமைச்சகம் 2022 இறுதியில் ஒரு வரைவு மசோதாவையும் வெளியிட்டது. ஆகவே அரசாங்கத்துக்குத் தெரியாத சங்கதி இல்லை.

கோப்பு எரிந்துபோனால் சில சமயம் நகல் வேறு அலுவலகத்தில் கிடைக்கும். இந்தப் பட்டைக்கு நகல் கிடையாது. ராஜமுந்திரிப் பக்கம் உறவோ நட்போ இருப்பவர்கள் இந்தச் செய்தியை அவர்கள் காதில் போட்டு வையுங்கள். மாவட்ட ஆட்சியருக்கு ஒரு மனு எழுத அதிக நேரம் பிடிக்காது.