மாடியில் அரைமணி நேரம்

"மனசைத் தளர விடாதீங்க" என்று சொல்பவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு வந்து எண்ணூர் முகத்துவாரம் கறுத்துக் கிடந்தது. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவு பெரியகுப்பம் பக்கம் கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்து, ஜனங்கள் கண் எரிய, மூச்சுத் திணற ஓடினார்கள். அவர்களிடம் போய் நல்லதையே நினையுங்கள் என்று எப்படிச் சொல்வது?

எனக்குத் தெரிந்தது, கையை வேலையில் வைப்பது. திருவொற்றியூர் வீட்டு மாடிக்கு விடிகாலையில் ஏறுவேன். இலையில் படிந்த கரித்தூளைத் தண்ணீர் தெளித்துக் கழுவுவேன். சமையல் கழிவை மக்குத் தொட்டியில் போட்டுக் கிளறுவேன். காசிமேட்டு மீன் கழிவும் அதே எடை நாட்டு வெல்லமும் சேர்த்து மூடி வைத்தால் 21 நாளில் மீன் அமிலம். லிட்டர் தண்ணிக்கு 10 மில்லி தெளிச்சா கீரை தளதளன்னு வரும். அந்த டிசம்பரில் மட்டும் மீன் கழிவு வாங்க மனசு வரலை, மோர்க் கரைசலோடு ஓட்டினேன்.

இதனால் எந்தக் குழாயும் அடைபடாது, தெரியும். ஆனா காலையில் மண்ணைத் தொட்ட ஆளுக்குச் சாயங்காலம் மனு எழுத உட்காரத் தெம்பு இருக்கு. பக்கத்து வீட்டு அம்மாவும் இரண்டு தொட்டி கேட்டிருக்காங்க. முதல்ல வெந்தயம் போடுங்கம்மா, மூணு நாலு நாள்ல முளை காட்டிடும்னு சொல்லியிருக்கேன்.