போனில் தெரியாத பிள்ளைச்சாவடி

செல்போன் கேமராவைத் தெருப்பக்கம் காட்டினால், எதிரே இருக்கும் கட்டிடத்தின் பெயர் திரையில் மிதக்கும். 2008இல் ஆஸ்திரியாவிலிருந்து வந்த விக்கிட்யூட், 2009இல் நெதர்லாந்திலிருந்து வந்த லேயர்... மொபைலில் ஆக்மென்டட் ரியாலிட்டியைப் பலருக்கும் அறிமுகப்படுத்தியவை இவைதான்.

உள்ளே மந்திரம் எதுவும் இல்லை. நிற்கும் இடத்தை ஜிபிஎஸ் சொல்லும். பார்க்கும் திசையைத் திசைகாட்டி சொல்லும். மீதியெல்லாம் யாரோ எழுதி வைத்த தகவல். விக்கிட்யூட் விக்கிபீடியாவிலிருந்து எடுத்துக் காட்டியது. சிக்கலும் அங்கேதான்! யாரும் எழுதாத ஊர் அந்தத் திரையில் இல்லவே இல்லை.

புதுச்சேரிக்கு வடக்கே கடலோரத்தில் இருக்கும் பிள்ளைச்சாவடியை எடுத்துக்கொள்ளுங்கள். 1980களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்தில் அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்தன. வடக்கு நோக்கி நகரும் மணல் அங்கே தேங்கியது. அதற்கு வடக்கே இருந்த கரை கரைந்தது. பிள்ளைச்சாவடியில் வீடுகளையும் கடல் கொண்டுபோனது. இன்று அங்கே கேமராவைக் காட்டினால் கருங்கல்லும் கடலும்தான் தெரியும். பழைய கரை எதுவரை இருந்தது? ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால் கை நீட்டிக் காட்டுவார்கள்.

இந்த நுட்பத்துக்கு உருப்படியான வேலை அதுதான். இருக்கிற கடைக்குப் பெயர்ப்பலகை மாட்டுவதைவிட, இல்லாமல் போன கரையைக் காட்டுவது மேல். அதற்கு விலை உயர்ந்த போன் முதலில் வேண்டியதில்லை. கேட்டு எழுதிவைக்க நாலு பிள்ளைகள் போதும். அந்தப் பெரியவர்கள் இருக்கும்போதே!