தேறலுக்குத் தமிழில் சொல் இல்லையா?

கள்ளுண்ணாமை என்று ஓர் அதிகாரமே வகுத்துத் தந்த வள்ளுவப் பேராசானை வகுப்பில் ஓதுவிக்கும் யான், தேறல் வடிக்கும் தோட்டம் ஒன்றைச் சுற்றிப் பார்த்து வந்தேன் என்றால், இவ்விதழ் படிக்கும் அன்பர் சிலர் புருவம் நெரிப்பர். ஒரு துளியும் என் நாவிற் படவில்லை. கண்டதும் முகர்ந்ததும் கேட்டதுமே உண்டு. ஆயினும் அன்று கேட்ட ஒரு வினா தமிழாசிரியனாகிய என்னை உறங்கவிடவில்லை. அதனையே ஈண்டு எழுதுகின்றேன்.

பெங்களூரில் பணிபுரியும் என் பழைய மாணாக்கர் ஒருவர், நந்திமலை அடிவாரத்துக் கொடிமுந்திரித் தோட்டம் ஒன்றற்கு என்னை அழைத்துச் சென்றார். வடசொல்லால் திராட்சை என்று நாம் வழங்கிப் பழகிவிட்ட கனியே கொடிமுந்திரி. அங்கும், மராட்டிய மாநிலத்து நாசிக்கு வட்டாரத்திலும், இத்தகைய தோட்டங்கள் பல உள. விடுமுறை நாளில் மக்கள் குடும்பத்தோடு வந்து, கொடிப்பந்தலைக் கண்டு, வடிக்கும் முறையைக் கேட்டு, வகைக்கு ஒரு மிடறு சுவைத்துச் செல்கின்றனர். பழத்தைத் தோலோடு நசுக்கி நொதிக்கவிட்டால் செந்தேறல். தோலை நீக்கிச் சாற்றை மட்டும் நொதிக்கவிட்டால் வெண்டேறல். சிலவற்றை எஃகுக் கலங்களிலும், சிலவற்றை ஓக்கு எனப்படும் கருவாலி மரத்து மிடாக்களிலும் முதிர வைக்கின்றனர். கிண்ணத்தை ஒளியில் ஏந்தி நிறம் பார்ப்பதும், சுழற்றி மணம் முகர்வதும், ஒரு மிடறு நாவில் உருட்டி உமிழ்வதும் அங்குள்ள முறை. இது எந்தச் சரிவில் விளைந்தது, அவ்வாண்டு மழை எப்படி என்றெல்லாம் வழிகாட்டி விளக்கினார். மண்ணையும் பருவத்தையும் பெயர் சொல்லிப் போற்றும் அவ்வொழுங்கு என்னைக் கவர்ந்தது.

செந்தேறலைச் சுவைத்தவர்க்கு நா வறண்டு ஒட்டுமாம். அதனை உண்டாக்கும் பொருளை 'டானின்' என்று கூறி, அச்சுவையை விளக்க வழிகாட்டி ஏதேதோ ஆங்கிலச் சொற்களைத் தேடித் தடுமாறினார். மாணாக்கர் என் காதருகே, "ஐயா, இதற்குத் தமிழில் சொல் உண்டா?" என்றார். "உன் பாட்டி பாக்கை மென்றுவிட்டு என்ன சொல்வார், தம்பி?" என்றேன். அவர் சிரித்துவிட்டார். துவர்ப்பு! வாழைப்பூவையும் நெல்லிக்காயையும் உண்டு வளர்ந்த குழந்தையும் அறிந்த சொல். அறுசுவையுள் ஒன்றாக நம் முன்னோர் எண்ணி வைத்ததனை நாம் அயற்சொல்லால் கற்கப் புறப்பட்டிருக்கின்றோம்.

அவர் விடவில்லை. "சரி ஐயா, வைனுக்கு நம் மொழியில் சொல் இல்லையே?" என்றார். என்னைச் சுட்ட வினா இதுவே. ஆறாண்டு என்னிடம் தமிழ் பயின்றவர் கேட்கின்றார்! பிழை அவருடையதன்று, என்னுடையது.

சொல் இல்லையா? வடிக்கும் முறை ஒவ்வொன்றற்கும் ஒரு சொல் வைத்த மொழியன்றோ நம் மொழி! தெளிந்து தேறியது தேறல். பிழிந்து எடுத்தது பிழி. அரித்து வடித்தது அரியல். நறுமணம் உடையது நறவு. நெல்லரிசியில் இல்லத்தே சமைத்தது தோப்பி. பெயரைக் கேட்ட அளவிலே செய்முறை விளங்குகின்றது. மலைவாழ் மாந்தர் தேனாற் செய்த தேறலை மூங்கிற் குழாயில் இட்டு முதிரவைத்தமையைத் திருமுருகாற்றுப்படையும் மலைபடுகடாமும் கூறுகின்றன. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையோ செய்முறையையே எழுதி வைத்திருக்கின்றது: குற்றாத அரிசியைக் களியாக்கி, அகன்ற வாயுடைய தட்டில் ஆற்றி, முளையடை கலந்து, இரு பகலும் இரு இரவும் கழித்து, வலிய வாயுடைய சாடியில் விளையவிட்டு, விரலால் அலைத்துப் பிழிதல். முளைத்த கூலத்தைக் கொண்டு மாப்பொருளை இனிப்பாக்கி நொதிக்கவைக்கும் அவ்வறிவே இன்று உலகெங்கும் பீர் ஆலைகளிலும் நடைபெறுகின்றது.

அயலவர் தேறலையும் நாம் அறியாதவர் அல்லேம். யவனர் கலங்களில் வந்த தண்ணிய மணமுள்ள தேறலைப் பாண்டியன் நன்மாறன் பருகியதை நக்கீரர் புறநானூற்றிற் பாடினார். புதுவைக்கு அருகே அரிக்கமேட்டில் 1945-இல் வீலர் அகழ்ந்தபோது, அத்தேறல் வந்திறங்கிய இருகைப்பிடிச் சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. பொருள் அயலதாயினும் பெயர் தேறல் என்றே தமிழில் நின்றது. அன்று அயற்பொருளுக்கும் தமிழ்ப்பெயர். இன்று தமிழ்ப்பொருளுக்கும் அயற்பெயர்!

இனி, நம் ஊர் நிலையைக் காண்போம். கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் இடையே கிடக்கும் எம் தம்மம்பட்டி, சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது இச்சேலம் மாவட்டத்தில்தான். நாள் 1937 அக்தோபர் 1. அவ்விலக்கு 1971-இல் தளர்ந்தது. பின்னர்ப் பலகால் இறுகியும் நெகிழ்ந்தும் வந்தது. 1987 சனவரியில் கள்ளுக்கும் சாராயத்திற்கும் தடை வந்தது. 2003-இலோ அரசே தன் வாணிகக் கழகத்தின் வழியாகச் சில்லறை மதுக்கடைகளை ஏற்று நடத்தத் தொடங்கிற்று. விளைவு யாது? மரத்திலிருந்து இறக்குவது குற்றம். ஆலையிலிருந்து இறக்குவது அரசு வருவாய். கரும்பாலைக் கழிவுப் பாகில் காய்ச்சிய எரிநீருக்கு நிறமும் மணமும் ஊட்டி, சீமைப் பெயர் ஒட்டி விற்கின்றனர். அதற்கு ஊர் உண்டா? மண் உண்டா? பருவம் உண்டா? தமிழில் ஒரு பெயரேனும் உண்டா?

பாளையிலிருந்து சொட்டும் சாறு அப்பொழுதே நொதிக்கத் தொடங்கும். மறுநாளே புளித்துக் காடியாகும். ஆகலின் அதனை ஆண்டுக்கணக்கில் அடைத்து வைக்க இயலாது. மரத்தடியே அதன் சாலை. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிவிட்டால் நொதிக்காது. அதுவே எம் கொங்கு நாட்டார் தெளுவு என்றும், பிறர் பதனீர் என்றும் வழங்கும் இன்சாறு. கேரளத்தார் கள்ளுக்கடைகளை உரிமம் தந்து நடத்துகின்றனர். கோவாவினர் தம் முந்திரிப்பழப் பெனிக்கு 2009-இலேயே புவிசார் குறியீடு பெற்றுவிட்டனர். எம் ஊர் மரச்சிற்பமும் அக்குறியீடு பெற்றதே; ஊர்ப்பெயர் ஒரு பொருளுக்கு என்ன மதிப்புத் தரும் என்பதை யாம் அறிவோம். 1978-இல் மாநில மரமாக ஏற்கப்பட்ட பனையோ செங்கற் சூளைக்கு விறகாயிற்று. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் இசைவு வேண்டும் என்று 2021-இல் அரசு அறிவித்தது நன்று. ஆயினும் ஏறுவார் இல்லாத மரத்தை இசைவுத்தாள் எத்துணை நாள் காக்கும்?

"குடியைப் பரப்பவோ வந்தீர்?" என்பார்க்கு ஒன்று கூறுவேன். வள்ளுவர் வாய்மொழி கள்ளுக்கும் பொருந்தும். ஆலைச் சரக்குக்கும் பொருந்தும். கள்ளும் மயக்கும் என்பதை யான் மறுக்கவில்லை. மூடுவதாயின் இரண்டையும் மூடுக. அதுவே என் விழைவு. ஆனால் ஒன்றற்கு அரசு முத்திரையும் மற்றொன்றற்குச் சிறையும் என்பது நடுவுநிலை அன்று. வலியவன் ஆலை வாழ, மரமேறியின் அரிவாள் துருப்பிடிக்கும் ஏற்பாடு அது.

ஊர் திரும்பியபின் என் ஒன்பதாம் வகுப்பில், "தெளுவு என்றால் யாது?" என வினவினேன். இருவரே கை உயர்த்தினர். என் இளமையில் சந்தைக்குச் சந்தை தெளுவுப் பானை இருந்தது. பாளை சீவுதல், இடுக்கி, தளைநார், கலயம் என்ற சொற்கள் மரமேறியர் சிலரின் நாவில் மட்டுமே எஞ்சியுள்ளன. அகரமுதலியில் ஏறாத சொற்கள் அவர்களிடம் எத்துணை இருக்குமோ! அவர்கள் மறைந்தால் அவையும் மறையும்.

ஆகவே தமிழன்பர்களே, விடுமுறையில் நாசிக்கு செல்லுமுன் நும் ஊர்ப் பனங்காட்டிற்கு ஒருமுறை செல்லுங்கள். மரமேறும் முதியவர் ஒருவரைக் கண்டு, அவர் கருவிக்கும் தொழிலுக்கும் வழங்கும் சொற்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தெளுவு வாங்கிப் பருகி, உரிய விலையைக் கொடுங்கள். ஏரிக்கரையில் பத்துப் பனங்கொட்டை ஊன்றுங்கள். என் மாணாக்கர்க்கு யான் சொல்லித்தர மறந்ததை நும் மக்களுக்கு நீவிர் மறவாது சொல்லித் தருக.