சகாமோட்டோவுக்கு மட்டும்தான் பள்ளிக்கூடமா?

கழிப்பறைக்குள் இருப்பவன் தலையில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டுகிறார்கள் சக மாணவர்கள். உள்ளே அவன் குடை விரித்துப் பிடித்திருக்கிறான், ஒரு சொட்டுகூடப் படவில்லை. நாற்காலியை ஒளித்து வைக்கிறார்கள். ஜன்னல் விளிம்பில் சாய்ந்து உட்கார்ந்துவிடுகிறான், ஓவியருக்குப் போஸ் கொடுப்பதுபோல. வகுப்பே மயங்குகிறது.

'சகாமோட்டோ தெசு கா?' என்ற ஜப்பானிய அனிமே இது. நமி சானோ வரைந்த மங்காவிலிருந்து 2016 ஏப்ரலில் தொலைக்காட்சிக்கு வந்தது. (சானோ 2023இல் 36 வயதிலேயே புற்றுநோயால் இறந்துபோனார். இன்னும் எவ்வளவோ வரைந்திருக்கலாம்.) பல்கலைக்கழக விடுதியில் நண்பர்களோடு பார்த்து வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன். நகைச்சுவையில் குறையே இல்லை. இந்தப் பையன் யாரையும் திருப்பி அடிப்பதில்லை, அழுவதில்லை, புகார் கொடுப்பதில்லை. எல்லாக் கொடுமையையும் அழகாகத் தாண்டிப் போகிறான். அவ்வளவு பூரணமான மாணவன் உலகத்தில் இருக்கவே முடியாது என்பதுதான் ஜோக்கே.

நம் ஊரில் இது ஜோக் இல்லை, நிபந்தனை. தலித், பழங்குடி மாணவர்களிடம் கல்வி நிலையங்கள் எதிர்பார்ப்பது இதே சகாமோட்டோவைத்தான். அனிமே வருவதற்கு மூன்று மாதம் முன்பு, அதே 2016 ஜனவரி 17 அன்று, ஐதராபாத்தில் ரோகித் வெமுலாவை இழந்தோம். குடை விரிக்கத் தெரியாதது அவர் குற்றமா? தண்ணீர் கொட்டியவர்களைப் பற்றிப் பேசாமல், அவர் சாதிச் சான்றிதழைத்தானே புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள்!

அந்தத் தொடரில் ஒரு கதை. சீனியர் மாணவர்கள் சகாமோட்டோவை எடுபிடி ஆக்குகிறார்கள். அவன் செய்யும் பணிவிடையின் நேர்த்தியில் ஏவியவர்களே அவன் இல்லாமல் இருக்க முடியாதவர்களாகிவிடுகிறார்கள். இதை இப்போது பார்த்தால் எனக்கு நாங்குநேரிதான் நினைவுக்கு வருகிறது. அங்கேயும் நன்றாகப் படித்த ஒரு பன்னிரண்டாம் வகுப்பு மாணவனை ஆதிக்கச் சாதி மாணவர்கள் தொல்லைப்படுத்தினார்கள். அவன் பள்ளிக்குப் போவதையே நிறுத்தினான், பிறகு ஆசிரியர் கேட்டபோது நடந்ததைச் சொன்னான். 2023 ஆகஸ்டில் வீடு புகுந்து அவனையும் தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். சிகிச்சைக்குப் பிறகு தேர்வெழுதி 600க்கு 469 வாங்கினான். உடனே ஊடகங்களுக்கு அவன் 'சாதனை மாணவன்'. எனக்கு அந்த மதிப்பெண்ணில் மகிழ்ச்சிதான். ஆனால் 200 வாங்கியிருந்தால்? அப்போதும் அவன் கையும் தங்கையின் கையும் அதே வெட்டுப்பட்ட கைகள்தானே?

பூரணம் காப்பாற்றும் என்பதும் பொய். கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917இல் பரோடா திரும்பிய அம்பேத்கரைப் பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்து விரட்டினார்கள். அரியலூர் அனிதா 1200க்கு 1176 எடுத்தார். அதற்குள் அளவுகோலையே நீட் என்று மாற்றி வைத்திருந்தார்கள். 2017 செப்டம்பர் 1 யாருக்கும் மறந்திருக்காது.

எங்கள் வாழவந்திப் பக்கம் வருகிறேன். சேர்வராயன் மலையில் காப்பியும் மிளகும் பறிக்கும் மலையாளிப் பழங்குடி வீடுகளில் முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்களில் நானும் ஒருத்தி. கீழே சேலத்தில் படித்தபோது ஓர் ஆசிரியர், "மலைக்காரப் புள்ளைக்கு இவ்ளோ மார்க்கா?" என்றார், பாராட்டாகத்தான். அடுத்த தேர்வில் மார்க் குறைந்ததும், "அதானே பாத்தேன்" என்றார். இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில் எனக்கு நிற்க இடமே இல்லை.

இதே ஏற்காட்டில் 1894 முதல் சேக்ரட் ஹார்ட், 1917 முதல் மான்ஃபோர்ட் என்று வெளியூர்ப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளிகள் உண்டு. வசதியான வீட்டுப் பிள்ளை சுமாராகப் படித்தால் சுமாரான பிள்ளை, அவ்வளவுதான். எங்கள் பிள்ளை சுமாராகப் படித்தால் 'கோட்டா'. 2025இல் கல்வராயன் மலை கருமந்துறை அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி மாணவி ஒருவர் சென்னை ஐஐடியில் இடம்பிடித்தபோது மலையெல்லாம் கொண்டாடினோம். கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அந்தப் புகைப்படத்தைக் காட்டியே "பார், முடிகிறதே" என்று மற்ற பிள்ளைகளின் வாயை அடைப்பவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. அவர்கள் அவரைப் பாராட்டவில்லை. வாசிக்க ஆளில்லாத நூலகத்துக்கும், பேருந்து வராத ஊருக்கும், பறிப்புக் காலத்தில் காலியாகும் வகுப்பறைக்கும் அவரைச் சாக்காக்குகிறார்கள்.

நாங்குநேரிக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளிப் பெயர்களில் உள்ள சாதி அடையாளங்களை நீக்குவது, எல்லாப் பள்ளிகளையும் பள்ளிக் கல்வித் துறையின் கீழ் கொண்டுவருவது, கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடுப்பது என்று அதில் பலவும் உண்டு. எல்லாமே தண்ணீர் கொட்டும் கையைப் பிடிக்கும் பரிந்துரைகள். பிள்ளையிடம் குடை இருக்கிறதா என்று அந்த அறிக்கை கேட்கவில்லை.

என் சித்தப்பா மகன் பத்தாம் வகுப்பில் கணக்கில் 36 வாங்கினான். இந்த வருடம் பிளஸ் ஒன் படிக்கிறான். பள்ளி விட்டால் கைப்பந்து, ராத்திரி போன். அவனைப் பற்றி எந்தப் பத்திரிகையும் எழுதாது. அவனும் பள்ளிக்கூடத்துக்குப் போய் வருகிறான்.